ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆனால் தலைவலி போகவில்லை

கேள்வி: என் மகன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான், பள்ளி ரக்பி அணியில் இருக்கிறான். மூன்று மாதத்தில் இரண்டு தடவை தலையில் அடி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். ஆனாலும் தலையைப் பிடித்துக்கொண்டு படுக்கிறான். கேட்டால், "ஒன்னுமில்லம்மா" என்கிறான். சிடிஇ என்ற மூளை நோயைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. என் கணவரோ, "ஸ்கேன்தான் நல்லா இருக்கே, விளையாட விடு" என்கிறார்.
- ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: அன்புச் சகோதரி, சிடிஇ இரண்டு அடியில் வந்துவிடும் நோயல்ல. ஆண்டுக்கணக்கில் தலையில் அடி வாங்கியவர்களிடம் காணப்படுவது. குத்துச்சண்டைக்காரர்கள் சிலர் குடிக்காமலே குடித்தவர்போலத் தள்ளாடுவதைப் பற்றி 1928-லேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். 2002-ல் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டர் இறந்தபின், பெனட் ஒமாலு என்ற மருத்துவர் அவர் மூளையில் சிடிஇயின் அடையாளமான டாவ் என்ற புரதம் படிந்திருப்பதைக் கண்டார். மயங்கி விழவைக்கும் பெரிய அடிகளைவிட, எத்தனை ஆண்டுகள் ஆடினார்கள் என்பதே முக்கியம் என்கின்றன பின்னால் வந்த ஆய்வுகள். உறைக்காத சின்னச் சின்ன இடிகளும் கணக்கில் சேர்கின்றன.

சரி, உங்கள் கணவருக்கு வருவோம். ஸ்கேன் எடுப்பது ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இருக்கிறதா என்று பார்க்கத்தான். கன்கஷன், அதாவது அடியில் மூளை குலுங்கிப் பாதிக்கப்படுவது, பெரும்பாலும் அதில் தெரியாது. சிடிஇயையும் இறந்தபின் மூளையைப் பரிசோதித்துத்தான் இன்றுவரை உறுதி செய்கிறார்கள். ஆக, அவர் நம்பியிருக்கும் அந்தக் காகிதம் பாதிப் பதில்தான்.

எனக்குக் கவலை தருவது அந்த "ஒன்னுமில்லம்மா"தான். அணியில் இடம் போய்விடும் என்ற பயம். முந்தைய அடி ஆறுமுன் இன்னோர் அடி பட்டால் ஆபத்து பல மடங்கு. தலைவலி இருக்கும்வரை அவன் திடலில் இறங்கக்கூடாது, இதில் பேரம் இல்லை. பிரிட்டனில் 2023-ல் வந்த வழிகாட்டலின்படி, கன்கஷனுக்குப் பின் 21 நாள் ஆகாமல் போட்டிக்குத் திரும்ப முடியாது. முதலில் பாடம், அப்புறம்தான் பந்து. பலதுறை மருந்தகத்தில் இரண்டு அடியையும் சொல்லுங்கள். பயிற்றுநரிடமும் நீங்களே பேசுங்கள், பையனை அனுப்பாதீர்கள். மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி என்றால் உடனே ஆம்புலன்சுக்கு 995.

ரக்பியையே நிறுத்தச் சொல்லவில்லை (சொன்னால் எனக்கு வரும் கடிதங்களை நினைத்தாலே தலை வலிக்கிறது). மருத்துவர் அவனைப் பார்த்தபின் அதைப் பற்றி மூவரும் உட்கார்ந்து பேசுங்கள். அதுவரை அவனிடம் "வலிக்குதா?" என்று கேட்காதீர்கள். "இன்னிக்கு வகுப்பில ஸ்கிரீனைப் பார்க்க முடிஞ்சுதா?" என்று கேட்டுப் பாருங்கள்.