பேஸ்பால் மைதானத்தில் 20 ஆட்டச் சந்தா: வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவின் மில்வாக்கி நகரை ஒட்டிய வாவட்டோசாவில் வசிக்கிறோம். நானும் கணவரும் 9 வயது மகளும் 6 வயது மகனுமாகச் சென்ற ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மில்வாக்கியின் பேஸ்பால் அணியான ப்ரூவர்ஸின் ஆட்டம் பார்க்க அமெரிக்கன் ஃபேமிலி ஃபீல்டு மைதானத்துக்குப் போனோம். டிக்கெட் 168, வண்டி நிறுத்தம் 20, உள்ளே சாப்பாடு 131, தொப்பி, சட்டை 93 என்று மொத்தம் 412 டாலர் ஆயிற்று. பிள்ளைகள் இன்னும் அந்த நாளைப் பற்றியே பேசுகிறார்கள். அடுத்த சீசனுக்கு 20 ஆட்டச் சந்தா எடுக்கலாம் என்கிறார் கணவர். நால்வருக்கும் 2,400 டாலர். வட்டியில்லாமல் மாதம் 300 வீதம் 8 தவணை. போக முடியாத ஆட்டங்களை விற்றுவிடலாம் என்றும், நம் வரிப் பணத்தில் கட்டிய மைதானம்தானே என்றும் சொல்கிறார். கிரெடிட் கார்டில் 24 சதவீத வட்டியில் 3,800 டாலர் பாக்கி இருக்கிறது. மாதம் 120 டாலர் கட்டி வருகிறோம். என் தம்பி தன் குடும்பத்துக்கு நான்கு இருக்கைகளுக்கு இதே சந்தாவை எடுத்துவிட்டான். நாங்களும் எடுக்கலாமா?

பதில்: அடுத்த சீசனுக்கு வேண்டாம். ஆனால் மைதானத்துக்குப் போவதையே நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நல்ல செலவுதான். சந்தாவின் விலை என்று நீங்கள் எழுதியிருக்கும் தொகை அதன் உண்மையான விலை அல்ல என்பதுதான் என் கவலை.

உங்கள் ரசீதையே பாருங்கள். 412 டாலரில் டிக்கெட்டுக்குப் போனது 168 மட்டுமே. எஞ்சிய 244 டாலர் மைதானத்துக்கு வந்து சேர்ந்த பிறகு செலவானது. 20 ஆட்டங்களுக்கும் நிறுத்தக் கட்டணம் 400 டாலர் ஆகும். சாப்பாட்டுச் செலவு பாதியாகக் குறைந்தாலும் 1,310 டாலர் வரும். ஆக, தொப்பியும் சட்டையும் இனி வாங்குவதே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 2,400 டாலர் சந்தா 4,110 டாலரில் வந்து நிற்கிறது. இப்போது பெரும்பாலான மைதானங்களில் ரொக்கம் செல்லாது, அட்டையைத் தட்டினால் போதும் என்றாகிவிட்டதால், இந்த இரண்டாவது செலவு கண்ணில் படாமலே உங்கள் 24 சதவீத அட்டையில்தான் ஏறும்.

அந்த அட்டைக்கு மாதந்தோறும் 76 டாலர் வட்டி ஓடுகிறது. நீங்கள் கட்டும் 120 டாலரில் 44 டாலர்தான் அசலைத் தொடுகிறது; இப்படியே போனால் கடன் தீர நான்கு ஆண்டுகளுக்கு மேலாகும், வட்டி மட்டும் ஏறத்தாழ 2,280 டாலர் போகும். 120 டாலரோடு நிறுத்தாமல் மாதம் 300 டாலர் கட்டினால் 15 மாதங்களில் கடன் முடிந்துவிடும், வட்டியும் சுமார் 625 டாலரோடு நின்றுவிடும். தவணைக்கு வட்டியில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தவணைக்குக் கொடுக்கும் அதே பணம் கடனுக்குப் போகாததால், அங்கே 24 சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும்.

போகாத ஆட்டங்களை விற்பது பற்றிய கணக்கும் அத்தனை எளிதல்ல. 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிகாகோவிலிருந்து கப்ஸ் அணியின் ரசிகர்கள் திரண்டு வரும் ஆட்டங்களுக்கு நல்ல விலை கிடைக்கும்; ப்ரூவர்ஸ் பயிற்சியாளராக இருந்த கிரெய்க் கவுன்சில் 2023 இறுதியில் அந்த அணிக்கே போய்விட்டதால் உள்ளூர்க்காரர்களின் கோபமும் அதில் சேர்ந்துகொண்டது. ஆனால் உங்களிடம் விற்பதற்கு மிஞ்சுபவை அவை அல்ல. ஏப்ரல், மே, செப்டம்பர் மாதங்களில் வார நாளில் நடக்கும் இரவு ஆட்டங்களே மிஞ்சும். 2023-இல் பந்து வீசுவதற்கான நேரக் கெடு வந்த பிறகு ஆட்டம் சராசரியாக 2 மணி 40 நிமிடமாகச் சுருங்கியிருக்கிறது என்றாலும், மாலை 6:40-க்குத் தொடங்கும் ஆட்டம் முடிய 9:20 ஆகிவிடும்; மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கும் ஆறு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு எத்தனை ஆட்டங்களுக்கு உங்களால் போக முடியும்? நீங்கள் விட்டுவிடும் அதே ஆட்டங்களை மற்ற சந்தாதாரர்களும் விற்க வருவார்கள் என்பதால் வாங்கிய விலைக்குக் கீழேதான் போகும், அதிலும் டிக்கெட்டை மறுவிற்பனை செய்யும் இணையதளம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். லாபத்துக்கு விற்றால் அது வருமான வரிக்கு உட்பட்டது. நட்டத்துக்கு விற்றால் அந்த நட்டத்தை வரியில் கழித்துக்கொள்ள முடியாது.

வரிப் பணத்தில் கட்டியது என்று உங்கள் கணவர் சொல்வது சரிதான். 2001-இல் மில்லர் பார்க் என்ற பெயரில் திறந்த அந்த மைதானத்துக்காக, மில்வாக்கி உள்ளிட்ட ஐந்து கவுன்டிகளில் (மாவட்டங்களில்) 1996 முதல் 2020 மார்ச் வரை 0.1 சதவீத விற்பனை வரி வசூலித்தார்கள். அதாவது 100 டாலர் பொருளுக்கு 10 சென்ட். ஆனால் அது கொடுத்து முடிந்த பணம். சந்தா வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது திரும்பி வராது என்பதால், இந்த முடிவில் அதற்கு இடமில்லை. (என்னிடம் வரும் கேள்விகளில் பாதி, ஏற்கெனவே போட்ட பணத்துக்காக மேலும் பணம் போடலாமா என்பதுதான்.)

அப்படியானால் எப்படிப் போவது? கோடை விடுமுறையில் மூன்று ஆட்டங்களைத் தேர்ந்தெடுத்து, ஒன்றுக்கு 200 டாலர் என்று முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள். எதிரணியையும் கிழமையையும் பொறுத்து டிக்கெட் விலை ஏறி இறங்கும் என்பதால் கப்ஸ் ஆட்டத்தையும் வார இறுதியையும் தவிர்த்து, செவ்வாய், புதன் கிழமைகளில் பாருங்கள். 2025 மே முதல் நடப்பிலுள்ள அமெரிக்க மத்திய அரசு விதிப்படி, கட்டணங்கள் எல்லாம் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும். அந்தத் தொகையை வைத்தே ஒப்பிடுங்கள். அங்கே கூரையை மூடிவிட முடியும் என்பதால் மழைக்குப் பயந்து கடைசி நாள்வரை காத்திருக்கவும் தேவையில்லை.

சாப்பாட்டில்தான் பெரிய மிச்சம் இருக்கிறது. வண்டி நிறுத்துமிடத்திலேயே அடுப்பு மூட்டி பிராட்வர்ஸ்ட் (ஒருவகை இறைச்சி சாசேஜ்) சுட்டுச் சாப்பிடுவது மில்வாக்கியில் ஆட்டத்துக்குச் சமமான வழக்கம். நிறுத்தத்துக்குக் கொடுத்த 20 டாலரில் அந்த இடமும் சேர்ந்தேதான் வருகிறது. வெளியே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள். கொறிப்பதற்கு வீட்டிலிருந்து எடுத்துப் போகவும் அந்த மைதானத்தில் அனுமதி உண்டு, விதிகளை மட்டும் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வாசலைத் தாண்டும் முன்பே பிள்ளைகளுக்கு ஆளுக்கு 15 டாலர் என்று சொல்லிவிட்டு, எதில் செலவழிப்பது என்பதை அவர்களிடமே விடுங்கள். ஆறாவது இன்னிங்ஸில் சாசேஜ் வேடமிட்ட ஐந்து பேர் ஓடும் பந்தயத்துக்குத்தான் உங்கள் மகன் காத்திருப்பான் என்று நினைக்கிறேன். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

தம்பியிடம் இப்போதே பேசி வையுங்கள். அவருக்கும் 20 ஆட்டங்களுக்குப் போக முடியாத நிலை கட்டாயம் வரும். நாட்காட்டியைப் பார்த்து ஜூன், ஜூலை, ஆகஸ்டில் தலா ஒன்றாக மூன்று ஆட்டங்களை அவர் வாங்கிய விலைக்கே, ஒன்றுக்கு 120 டாலர் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு விற்பனைத் தளத்துக்குப் போகும் பங்கு மிச்சம்; உங்களுக்கு 200 டாலரில் நிறுத்தக் கட்டணமும் பிள்ளைகளின் 30 டாலரும் போக, அடுப்புக் கரிக்கும் பிராட்வர்ஸ்டுக்கும் 30 டாலர் மீதமிருக்கும்.