மிசுனாரா மணம் எங்கே?

கேள்வி: மிசுனாரா மரப் பீப்பாயில் முடித்தெடுத்த ஜப்பானிய விஸ்கியில் சந்தன வாசம் வரும் என்றார்கள். எனக்குச் சாராய நெடிதான் மூக்கில் ஏறுகிறது. ஏன்?
– வாசகர், நுவரெலியா

பதில்: குளிர்தான் முதல் காரணம். உங்கள் ஊர் இரவில் போத்தலே சில்லிட்டுக் கிடக்கும், மணம் எழும்பாது. வாய் குறுகிய கிளாஸில் 20 மில்லிலீற்றர் ஊற்றி, உள்ளங்கையில் ஐந்து நிமிடம் பொத்திப் பிடியுங்கள். ஐஸ் வேண்டாம். மூக்கை விளிம்புக்கு மேலேயே வைத்து, வாயைச் சற்றுத் திறந்தபடி முகருங்கள், நெடி அடங்கும். பிறகு அரைத் தேக்கரண்டி தண்ணீர். தேயிலை ருசிபார்ப்பவர்போல உறிஞ்சி இழுக்காதீர்கள், தொண்டை எரியும்.

மிசுனாரா என்பது ஜப்பானிய ஓக் மரம். நுண்துளை அதிகம், பீப்பாய் கசியும். சந்தனமும் ஊதுபத்தியும் கலந்த அந்த மணம் பல வருடம் கிடந்தால்தான் நன்றாக ஊறும்; உங்களுடையதுபோல் கடைசிச் சில மாதங்கள் மட்டும் அதில் வைத்து முடித்தெடுத்ததில் மெல்லியதாகவே இருக்கும். குடித்து முடித்த காலிக் கிளாஸை அரை மணி கழித்து முகர்ந்து பாருங்கள். அங்கேதான் அது பிடிபடும்.