நாலு டிராக் கேசட் சாதாரண டெக்கில் இழுத்துக்கொண்டு ஓடினால்

டேப் கெடவில்லை, உங்கள் பார்ட்னர் மேலும் தப்பில்லை. அவர் அனுப்பிய கேசட் உங்கள் டெக்கில் பாதி வேகத்தில் இழுக்கிறது, திருப்பிப் போட்டால் எல்லாமே பின்னோக்கி ஓடுகிறது என்கிறீர்களே, அது நாலு டிராக் ரெக்கார்டரில், அதாவது ஒரே கேசட்டில் நாலு ஒலிகளைத் தனித்தனித் தடங்களில் (டிராக்) பதிகிற மெஷினில், பதிந்த டேப். அதில் நாலு டிராக்கும் ஒரே திசையில் போகும். சாதாரண டெக் அதையே இரண்டிரண்டாகப் பிரித்து ஏ பக்கம், பி பக்கம் என்று எடுத்துக்கொள்ளும். வேகமும் வேறு. டெக்கில் நொடிக்கு 4.76 செ.மீ., டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ 144 மாதிரி மெஷின்களில் அதற்கு இரட்டிப்பு.

முதலில் கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள், அப்புறம் அதன் மேல் எதுவும் பதியாது. இல்லாவிட்டால் தவறி ரெக்கார்ட் பட்டனில் கை பட்டால் போச்சு.

அப்புறம் சுருதியைப் பாருங்கள். சரியாக ஒரு ஸ்தாயி இறங்கியிருந்தால் நான் சொன்னதுதான். அரை ஸ்வரம் மட்டும் இறங்கியிருந்தால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், அது வேறு கதை.

இரண்டு பக்கத்தையும் கணினியில் ஏற்றி, வேகத்தை இரட்டிப்பாக்கி, இரண்டாவதைத் தலைகீழாக்கிச் சேர்த்துவிடலாம். ஆனால் போகப் போக இரண்டும் கொஞ்சம் விலகும், அங்கங்கே வெட்டி ஒட்டித்தான் ஆகணும். டிபிஎக்ஸ் (டேப் இரைச்சலைக் குறைக்கிற வசதி) போட்டுப் பதிந்திருந்தால் ஒலி மூச்சு வாங்குகிற மாதிரி ஏறி இறங்கும், அதற்கு உங்கள் பார்ட்னருடைய மெஷினிலேயே ஓட்டி எடுப்பதுதான் சுலபமான வழி.