நான்காம் எண் சட்டை

ஐயா, பராகுவே கால்பந்துத் தடுப்பாட்டக்காரர் கார்லோஸ் கமார்ரா ஃபவுலே செய்யாதவர் என்று வியந்து எழுதியிருந்தீர்கள். இணையத்தில் தேடியபோது எனக்குக் கிடைத்தது, 2006 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் போட்ட சேம் சைடு கோல்தான். பள்ளி அணியில் பேக் ஆடும் என் மகனிடம், தேவைப்பட்டால் எதிரியின் காலைத் தட்டிவிடத் தயங்காதே என்கிறார் பயிற்சியாளர். சாதுவாக ஆடுவது பெருமையா? தென்னமெரிக்காவின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர் சிலியின் ஃபிகுவேரோவாவா, அர்ஜென்டினாவின் பசரெல்லாவா, கமார்ராவா?
ம.செ.

அன்புள்ள ம.செ.,

தரவரிசையில் எனக்கு ஆர்வமில்லை, அதை விட்டுவிடுவோம். ஆனால் ஓர் அரை நிமிடக் காணொளியைப் பார்த்துவிட்டு, ஒரு மனிதரின் 110 சர்வதேச ஆட்டங்களை எடைபோட உங்களுக்கு எப்படி மனம் வந்தது? பிராங்க்பர்ட்டில் அன்று மூன்றாவது நிமிடத்தில் பெக்கம் அடித்த ஃப்ரீ கிக், 35 வயது கமார்ராவின் தலையில் உரசி உள்ளே போனது உண்மை. அதன்பின் ஆட்டம் முடியும்வரை இங்கிலாந்தால் இன்னொரு கோல் போட முடியவில்லை என்பதும் உண்மை. அதை எந்தக் காணொளியிலும் வெட்டி ஒட்ட முடியாது.

‘சாது’ என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. ஃபவுல் என்பது பெரும்பாலும் தாமதமாக வந்து சேர்ந்தவனின் செயல். பந்து எங்கே வரும் என்பதை முன்கூட்டியே கணிக்கத் தவறியவன்தான் கடைசி நொடியில் காலை நீட்டுகிறான், சட்டையைப் பிடித்து இழுக்கிறான். ஆறடிக்கும் குறைவான உயரமுள்ள கமார்ரா, 1998 உலகக் கோப்பையில் பல்கேரியா, ஸ்பெயின், நைஜீரியா, பிரான்ஸ் ஆகிய நான்கு அணிகளுக்கு எதிராகவும் ஒரு ஃபவுல்கூடச் செய்யாமல் ஆடினார். அந்த நான்கு ஆட்டங்களிலும் சேர்த்துப் பராகுவே விட்டது இரண்டே கோல்கள். அது சாதுத்தனம் அல்ல, எதிரி யோசித்து முடிப்பதற்குள் அந்த இடத்தில் போய் நின்றுவிடும் கூர்மை.

லான்ஸ் நகரில் பிரான்சுக்கு எதிராக நடந்த அந்த ஆட்டத்தை நான் அம்மாவோடு தொலைக்காட்சியில் பார்த்தேன். கால்பந்தின் விதி ஒன்றுகூட அம்மாவுக்குத் தெரியாது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அந்த நாலாம் நம்பர் பையன் ஓடவே இல்லையே, பந்து எப்படி அவனிடமே வருகிறது?” என்று கேட்டாள். கமார்ராவைப் பற்றி அதைவிடத் துல்லியமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தோளில் அடிபட்டு, கையில் கட்டுப் போட்டுக்கொண்டு அவர் தொடர்ந்து ஆடியபோது, அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். கூடுதல் நேரத்தின் பிற்பகுதியில் ட்ரெசெகெ தலையால் இறக்கிக்கொடுத்த பந்தை, பிரான்சின் தடுப்பாட்டக்காரரான லோரான் பிளாங்க் உள்ளே அடித்தார். உலகக் கோப்பையின் முதல் கோல்டன் கோல் அது; கூடுதல் நேரத்தில் முதல் கோல் போட்ட அணியே வென்றது என்ற அன்றைய விதிப்படி, அந்த நொடியே ஆட்டம் முடிந்துபோனது. தரையில் விழுந்து கிடந்த தோழர்களைப் பராகுவே கோல்கீப்பர் சிலாவர்ட் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார். அம்மா எழுந்துபோய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் போய்ச் சேர்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இரண்டு வாரங்களாக ஏனோ அந்த இரவுதான் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது, உங்கள் கடிதம் வந்தது.

பயிற்சியாளர் சொல்வது தவறு. பையனுக்கு அதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், பயிற்சியாளரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அந்த ஆட்டத்தை வெட்டாமல் முழுதாக அவனுக்குப் போட்டுக் காட்டுங்கள். பந்தைப் பின்தொடர வேண்டாம், நான்காம் எண் சட்டையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் கூடவே உட்காருங்கள்.