ராஃப்ட் சங்கிலி மாற்றக் காரணிகள்: கேள்வியும் பதிலும்

கேள்வி: ஐயா, பாலிமர் தயாரிப்பில் தயோலும் (கந்தகம்-ஹைட்ரஜன் தொகுதி கொண்ட சேர்மம்) சங்கிலி மாற்றக் காரணிதானே? ராஃப்ட் (RAFT, மீள்தன்மைச் சேர்ப்பு-பிளவுச் சங்கிலி மாற்றம்) காரணியில் அப்படி என்ன வேறுபாடு?

பதில்: டோடெக்கேன்தயோல் போன்றவை வளரும் பாலிமர் சங்கிலிக்கு ஒரு ஹைட்ரஜன் அணுவைக் கொடுத்து அதன் வளர்ச்சியை அங்கேயே முடித்துவிடும், முடிந்த சங்கிலி மறுபடி வளராது. 1998-இல் ஆஸ்திரேலியாவின் தேசிய அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்கள் வெளியிட்ட ராஃப்ட் முறையில், சங்கிலியின் முனையில் அமர்ந்திருக்கும் தயோகார்பனைல்தயோ தொகுதி (கந்தகம் கொண்ட S=C–S தொகுதி), வளர்ந்துகொண்டிருக்கும் வேறொரு சங்கிலி வந்து சேரும்போது அதை உறங்க வைத்து, தன்னிடம் உறங்கிக்கொண்டிருந்ததை விடுவிக்கிறது. இந்த இடமாற்றம் ஓயாமல் நடப்பதால், எல்லாச் சங்கிலிகளும் ஏறக்குறைய ஒரே நீளத்துக்கு வளர்கின்றன.

கேள்வி: மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற ஒற்றைப்படிக்கு (சங்கிலியாக இணையும் சிறு மூலக்கூறு) ராஃப்ட் காரணியாகப் பென்சைல் டைதயோபென்சோயேட்டைப் பயன்படுத்தினேன். தொடக்கத்திலேயே மூலக்கூறு எடை எகிறிவிட்டது. காரணி கெட்டுப்போயிருக்குமா?

பதில்: கெட்டிருக்க வேண்டியதில்லை, தேர்வுதான் பிழை. காரணியில் இரண்டு தொகுதிகளைப் பார்க்க வேண்டும். காரணியின் கார்பன்-கந்தக இரட்டைப் பிணைப்பின் வினைத்திறனைத் தீர்மானிப்பது இசட் தொகுதி. பிரிந்து சென்று புதிய சங்கிலியைத் தொடங்க வேண்டியது ஆர் தொகுதி. உங்கள் இசட் பொருத்தமானதே. ஆனால் மெத்தாக்ரிலேட் சங்கிலியின் முனையில் இருப்பது மூவிணையத் தனி உறுப்பு (இணைசேரா எலக்ட்ரான் கொண்ட வினைமுனை). உங்கள் ஆர் தொகுதியான பென்சைலைவிட அதுவே எளிதில் பிரியும் என்பதால், வந்து சேர்ந்த சங்கிலியே திரும்பப் போய்விடுகிறது, காரணி செலவாகாமல் கிடக்கிறது. சயனோஐசோபுரொப்பைல் டைதயோபென்சோயேட்டை எடுங்கள்.

கேள்வி: அதே காரணியை வினைல் அசிட்டேட்டுக்கும் பயன்படுத்தலாமா? எவ்வளவு எடுப்பது என்றும் சொல்லுங்கள்.

பதில்: கூடாது. வினைல் அசிட்டேட்டின் தனி உறுப்பு நிலைப்புத்தன்மை குறைந்தது. டைதயோபென்சோயேட்டுடன் சேர்ந்தால் எளிதில் பிரியாது, வினை ஏறத்தாழ நின்றுவிடும். அதற்குச் சாந்தேட் வகை ராஃப்ட் காரணிதான் உகந்தது.

அளவைப் பொறுத்தவரை மெத்தில் மெத்தாக்ரிலேட்டையே எடுத்துக்கொள்வோம். 10 கிராம் என்பது ஏறக்குறைய 100 மில்லிமோல். ஒரு காரணி மூலக்கூறுக்கு 200 ஒற்றைப்படி என்று கொண்டால் காரணி 0.5 மில்லிமோல், அதாவது சுமார் 0.11 கிராம். வினையைத் தொடங்கும் தனி உறுப்புகளைத் தரும் துவக்கி அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும்: ஏஐபிஎன் 0.1 மில்லிமோல், சுமார் 16 மில்லிகிராம். 80 சதவீதம் வினைபுரிந்தால் 200 × 0.8 × 100, அத்துடன் காரணியின் மூலக்கூறு எடை 221. எதிர்பார்க்கும் மூலக்கூறு எடை சுமார் 16,200. துவக்கியைக் கூட்டினால் வேகம் கூடும், முனையில் காரணி இல்லாத இறந்த சங்கிலிகளும் கூடும். அவசரக்காரர்கள் பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: முதல் ஒரு மணி நேரம் வினை நகரவே இல்லை.

பதில்: முதலில் ஆக்சிஜனைச் சந்தேகியுங்கள், நைட்ரஜனை நன்றாகச் செலுத்தினீர்களா? அதற்குப் பிறகும் தாமதம் இருந்தால், டைதயோபென்சோயேட்டுகளுக்கு அது இயல்பான குணம். ட்ரைதயோகார்பனேட் வகைக் காரணிகளில் பெரும்பாலும் குறைவு.

கேள்வி: கிடைத்த பாலிமர் இளஞ்சிவப்பாக இருக்கிறது. நிறத்தை எப்படி நீக்குவது?

பதில்: அந்த நிறம் சங்கிலி முனையில் உள்ள டைதயோபென்சோயேட்டினுடையது, அது இருக்கும்வரை இரண்டாவது ஒற்றைப்படியைச் சேர்த்துத் தொகுதிப் பலபடி (இருவகை ஒற்றைப்படிகள் தனித்தனித் தொடர்களாக இணைந்த சங்கிலி) செய்யலாம். ஆகவே அந்த வேலை முடிந்த பின்னரே நீக்குங்கள். ஹெக்சைல் அமீன் போன்ற முதன்மை அமீனைச் சேர்த்தால் சிவப்பு மறைந்து, முனையில் தயோல் எஞ்சும். காற்றுப் பட்டால் இரண்டு தயோல்கள் டைசல்ஃபைடாக இணைந்து, ஜிபிசி (சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரித்து மூலக்கூறு எடை காணும் முறை) வரைபடத்தில் இருமடங்கு எடையில் தோள் போன்ற ஒரு புடைப்பு தோன்றும். நைட்ரஜன் சூழலில், சிறிது ட்ரைபியூட்டைல்பாஸ்ஃபீனுடன் செய்தால் அது தவிர்க்கப்படும்.