1666: ஆறு பேர் மட்டும்தானா?

அன்புள்ள ஐயாவுக்கு,

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். உலக வரலாற்றை ஆண்டுவாரியாக அட்டவணை போட்டு மனப்பாடம் செய்வது என் வழக்கம். 1666க்கு வந்ததும் பிரமித்துப்போனேன். நியூட்டன் ஈர்ப்பு விசையைக் கண்டுபிடித்தார். ஷாஜகான் மறைந்தார். சிவாஜி மே மாதம் ஆக்ராவிலிருந்து தப்பினார். குரு கோவிந்த் சிங் பிறந்தார். லண்டன் எரிந்தது, நல்லவேளையாக ஆறு பேர்தான் இறந்தார்கள். ஒரே ஆண்டில் இத்தனையும் நடந்தது தற்செயலா? சில ஆண்டுகளுக்கு மட்டும் தனி ஆற்றல் உண்டா? விவிலியத்தில் தீய மிருகத்தின் எண்ணாக வரும் 666ஐக் கண்டு அன்றைய மக்கள் உலகம் அழியும் என்று அஞ்சினார்களாமே?

— ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

666ஐக் கண்டு அஞ்சியவர்கள் இருந்தார்கள், உண்மை. அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை. ஆண்டுகளுக்குத் தனி ஆற்றலும் கிடையாது. எந்த ஆண்டைத் தோண்டினாலும் இவ்வளவு கிடைக்கும்.

நியூட்டனிடம் கொஞ்சம் நிதானம் வேண்டும். கொள்ளைநோயால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடியிருந்த காலத்தில் வுல்ஸ்தோர்ப்பில் இருந்த தன் வீட்டில் அவர் பெரிய எண்ணங்களை எண்ணினார். ஆனால் ஈர்ப்பு விதி முழு வடிவில் அச்சேறியது 1687இல். இருபது ஆண்டு உழைப்பை ஓர் ஆப்பிளின் தலையில் கட்டிவிடாதீர்கள். 'அதிசய ஆண்டு' என்று 1666ஐப் பாடிய ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடனும் நியூட்டனை நினைத்துப் பாடவில்லை. போரையும் தீயையும் தாங்கி நின்ற நாட்டைத்தான் அவர் பாடினார்.

உங்களுக்குப் பதில் எழுத என்னை உட்காரவைத்தது 'நல்லவேளையாக ஆறு பேர்தான்' என்ற வரி. அம்மா, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளும் மனிதர்களைப் பற்றியே சில வாரங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

செப்டம்பர் 2 அதிகாலை, லண்டனில் புடிங் லேன் என்ற தெருவில் தாமஸ் ஃபாரினர் என்பவரின் ரொட்டிக்கடையில் தீ பிடித்தது. கடற்படைக்கு பிஸ்கட் சுட்டுக் கொடுத்தவர் அவர். குடும்பத்தினர் மாடி ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக் கூரைக்குத் தாவிப் பிழைத்தார்கள். தாவ அஞ்சிய வேலைக்காரப் பெண் உள்ளேயே இறந்தாள். உங்கள் ஆறு பேரில் முதல் ஆள் அவள். நீண்ட வறட்சியில் காய்ந்து கிடந்த மர வீடுகள், விடாமல் அடித்த கிழக்குக் காற்று, வீடுகளை இடித்துத் தீயை மறிக்கத் தயங்கிய மேயர். நான்கு நாட்களில் சுமார் 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் போயின. வெட்டவெளிகளில் கூடாரம் போட்டுக் கிடந்தவர்களில் பின்னால் செத்தவர்களை அந்த ஆறில் யாரும் சேர்க்கவில்லை.

இங்கிலாந்து அப்போது டச்சுக்காரர்களோடும் பிரெஞ்சுக்காரர்களோடும் போரில் இருந்தது. ஆகஸ்டில்தான் ஆங்கிலக் கடற்படை டச்சுக் கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களையும், டெர்ஸ்ஹெல்லிங் தீவில் ஓர் ஊரையும் கொளுத்திவிட்டு வந்திருந்தது. அடுத்தவன் ஊரை எரித்தவர்களுக்குத் தங்கள் ஊர் எரியும்போது பழிவாங்குகிறார்கள் என்றுதானே தோன்றும்? தெருவில் கண்ணில் பட்ட அந்நியர்களையெல்லாம் அடித்தார்கள்.

அந்தச் சமயத்தில் ராபர்ட் ஹூபர்ட் என்பவன் பிடிபட்டான். பிரான்சின் ரூவன் நகரத்துக் கடிகாரத் தொழிலாளி ஒருவரின் மகன். வயது 26 இருக்கும். உடலும் சரியில்லை, மனமும் சரியில்லை. நான்தான் தீ வைத்தேன் என்றான். முதலில் வெஸ்ட்மின்ஸ்டரில் வைத்ததாகச் சொன்னான். வெஸ்ட்மின்ஸ்டருக்குத் தீ போகவே இல்லை. பிறகு கதையை மாற்றி, ரொட்டிக்கடையில் வைத்ததாகச் சொன்னான். அவன் பேச்சு ஒன்றோடொன்று ஒட்டவில்லை, இவன் குற்றவாளி என்று நான் நம்பவில்லை என்று தலைமை நீதிபதி கெலிங் மன்னரிடமே சொன்னார். நீதிபதிகளோ விசாரணையில் இருந்த வேறு யாருமோ அவனைக் குற்றவாளி என்று நம்பவில்லை, வாழ்க்கை சலித்துப்போன மனம் பேதலித்த ஏழை அவன் என்று மன்னரின் அமைச்சராக இருந்த கிளாரண்டன் பிரபு எழுதிவைத்திருக்கிறார். ஆனாலும் அக்டோபர் இறுதியில், லண்டனின் தூக்குமேடை இருந்த டைபர்னில் அவனைத் தூக்கில் போட்டார்கள்.

இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏமாந்துபோய்த் தூக்கில் போட்டிருந்தால் அது ஒரு விதம். இங்கே யாரும் ஏமாறவில்லை. அவன் செய்யவில்லை என்று நீதிபதிக்குத் தெரியும், பிரபுவுக்குத் தெரியும், மன்னர் காதிலும் விழுந்தது. அவனாகவே ஒப்புக்கொள்கிறானே, நாம் என்ன செய்ய என்று கையை உதறினார்கள். குற்றப்பத்திரிகையில் கையெழுத்துப் போட்டவர்களில் மூன்று பேர் யார் தெரியுமா? ரொட்டிக்கடை ஃபாரினர், அவர் மகன், அவர் மகள். தன் அடுப்பைத் தணித்துவிட்டுத்தான் படுத்தேன் என்று சாதித்த அந்த மனிதருக்கு ஹூபர்ட்டின் வாக்குமூலத்தைவிடப் பெரிய வரம் எது?

எங்கள் ஊரில் நான் சிறுவனாக இருந்தபோது ஒரு பெரிய வைக்கோல் போர் எரிந்தது. கோயில் மண்டபத்தில் படுத்துக் கிடந்த ஒருவரை இழுத்து வந்து புளியமரத்தில் கட்டினார்கள். எந்த ஊர்க்காரர் என்று யாருக்கும் தெரியாது. யார் சோறு போட்டாலும் சாப்பிடுவார், யார் எது கேட்டாலும் தலையாட்டுவார். "நீதானே வைத்தாய்?" என்றார்கள். தலையாட்டினார். "பீடியை எறிந்தாயா?" அதற்கும் ஆட்டினார். அவர் பீடி குடித்து நாங்கள் பார்த்ததே இல்லை. அடி விழத் தொடங்கியது. என் அப்பாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றார். "ஏனய்யா, போன ஐப்பசியில் ஏரிக்கரை உடைந்ததே, அதுவும் நீதானா?" என்று கேட்டார். அவர் தலையாட்டினார். "போன வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்ததே, அது?" அதற்கும் ஆட்டினார். அப்பாயி திரும்பி, அங்கே நின்ற ஆண்களை ஒவ்வொருவராக ஏறிட்டுப் பார்த்தார். பிறகு தானே கயிற்றை அவிழ்த்தார். எல்லாரையும்விடக் கூடுதலாகக் கத்தியவர் போருக்குச் சொந்தக்காரர். முந்தின நாள் அவர் வீட்டில்தான், அந்தப் போரிலிருந்து பத்தடி தள்ளி, நெல் அவித்திருந்தார்கள்.

லண்டனில் கயிற்றை அவிழ்க்க யாரும் வரவில்லை. பிறகு என்ன வெளிவந்தது என்று பாருங்கள். ஹூபர்ட்டை ஏற்றிவந்த கப்பலின் தலைவர், தீ பிடித்து இரண்டு நாள் கழித்துத்தான் அவன் கரையிறங்கினான் என்றார். கடவுளின் கை, பெருங்காற்று, மிக வறண்ட பருவம், இவைதான் காரணம் என்று மன்னரின் ஆலோசனை அவையே முடிவு செய்தது. அப்படியும் 1681இல், தீயின் நினைவுத்தூணில், புராட்டஸ்டண்ட் நாடான இங்கிலாந்தில் சிறுபான்மையாக இருந்த கத்தோலிக்கர்கள் மீது பழி சுமத்தும் வரியைச் செதுக்கினார்கள். அது 1830இல்தான் முற்றாக அகற்றப்பட்டது. 1986இல் லண்டன் ரொட்டிக்காரர் சங்கம் புடிங் லேனில் கூடி, தீக்கு வருத்தம் தெரிவித்தது. மேயரிடம் தெரிவித்தது! எரிந்த நகரத்தை நினைத்தார்களே, தூக்கில் தொங்கியவனை நினைத்தார்களா? என்னால் இதை எளிதாக ஏற்க முடியவில்லை.

நீங்கள் தனியாக உட்கார்ந்து அட்டவணை போட்டுப் படிப்பதை நினைத்தால் எனக்குப் பிரியமாகத்தான் இருக்கிறது. ஆண்டுகளை மனப்பாடம் செய்யுங்கள், வேலை கிடைக்கட்டும். நாளை நீங்களே ஒரு நாற்காலியில் உட்காரப்போகிறீர்கள். உங்கள் மேசைக்கு வாக்குமூலங்கள் வரும், கையெழுத்துக் கேட்பார்கள். அதற்காகவாவது லண்டன் தீக்கு எதிரே இருக்கும் 'நல்லவேளையாக' என்பதை இன்றே அடித்துவிடுங்கள். ஆறுக்குப் பக்கத்தில் ஹூபர்ட்டின் பெயரை எழுதுங்கள்.

இன்னொரு திருத்தமும் இருக்கிறது. 1666 மே மாதத்தில் சிவாஜி அவுரங்கசீப்பின் அவைக்கு வந்தார். ஆக்ராவிலிருந்து தப்பியது ஆகஸ்டில். அதையும் மாற்றிக்கொள்ளுங்கள்.