அப்ரூவலுக்குக் கொடுத்த 28 லட்சம்: கேஸ் போட்டால் யார் மாட்டுவார்?

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில் எனக்கு 3 ஏக்கர் நிலம் உள்ளது. மனைப்பிரிவு அனுமதி வாங்கித் தருவதாக, அரசியல் புள்ளி ஒருவருக்கு நெருக்கமான புரோக்கர் 28 லட்சம் வாங்கினார். 20 ரொக்கம், 8 வங்கி வழியாக. "மேலே கொடுத்தால்தான் ஃபைல் நகரும்" என்றார். தன்னுடைய வேறொரு நிலத்துக்கு அட்வான்ஸ் என்று ஒப்பந்தமும், தேதி போடாத செக்கும் கொடுத்திருக்கிறார். 14 மாதமாகியும் வேலை நடக்கவில்லை. இப்போது இன்னும் 5 லட்சம் கேட்கிறார். அவரோ புது வீடு கட்டிக் குடிபோய்விட்டார். மோசடிப் புகார், செக் கேஸ் இரண்டும் போடலாமா? பேசிய ஆடியோவைப் பத்திரிகைக்குக் கொடுக்கலாமா?

பதில்: அவர் வீடு கட்டியது வழக்குக்கு உதவாது. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய விஷயம் ஒன்றுதான்: 14 மாதம்.

ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டதிலிருந்து, லஞ்சம் கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாயத்தால் கொடுத்தவருக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் கொடுத்த 7 நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும்; உங்களுக்கோ 14 மாதமாகிவிட்டது. "வாக்குமூலம் கொடுத்தால் கொடுத்தவரை விட்டுவிடுவார்கள்" என்று யாராவது சொன்னால், அது பழைய 24ஆம் பிரிவு. அதே திருத்தத்தில் அது போய்விட்டது. கொடுத்தவர் மீதும் அமலாக்கத்துறை வழக்கு நிற்கும் என்று சென்னை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது.

ஆகவே மோசடிப் புகார் எழுதினால், பணம் எதற்குக் கொடுத்தேன் என்று நீங்கள் எழுதும் வரியே உங்கள் மேல் கேஸாகும்.

கட்சிக்காரர்கள் (வழக்குக் கட்சிக்காரர்களைச் சொல்கிறேன்) வழுக்கி விழுவது இதற்கு அடுத்த படியில். லஞ்சம் என்ற சொல்லையே எடுக்காமல், அந்த ஒப்பந்தத்தை மட்டும் காட்டி சிவில் வழக்குப் போடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுத்ததாக வழக்கு வந்தால், வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நீதிமன்றங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. 20 லட்சம் எங்கிருந்து வந்தது என்று உங்களைத்தான் கேட்பார்கள். பிறகு குறுக்கு விசாரணை. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தீர்களா? தாய்ப்பத்திரம் கேட்டீர்களா? நிலத்தை அளந்தீர்களா? 8 லட்சம் அனுப்பிய அன்று ராத்திரி "ஃபைல் என்னாச்சுண்ணே" என்று வாட்ஸ்அப்பில் ஏன் கேட்டீர்கள்? அந்தக் கேள்வியோடு ஒப்பந்தம் வெறும் காகிதம். சத்தியம் செய்து பொய் சொன்ன குற்றம் கூடுதல் வரவு.

செக்கும் அப்படித்தான். செக் திரும்பினால் போடும் கேஸ் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் வரும். அதற்கு, சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடன் இருக்க வேண்டும். லஞ்சப் பணம் அந்தக் கணக்கில் வராது. செக் கொடுத்தவர் அதை நிரூபித்தாலே கேஸ் போச்சு.

பேசி முடியுங்கள். மொத்தமும் வராது, வங்கி வழியாகப் போன 8 லட்சம் அதே வழியில் திரும்பினாலே பெரிய விஷயம். இதிலும் ஒரு பள்ளம் உண்டு. "பணம் திரும்பி வந்ததால் புகார் கொடுக்க மாட்டேன்" என்று ஒரு வரியும் எழுதாதீர்கள், வாயாலும் சொல்லாதீர்கள். குற்றத்தை மறைக்கச் சம்மதித்துத் தன் பணத்தையே திரும்ப வாங்கினாலும் அது தனிக் குற்றம். "கொடுக்காவிட்டால் போலீசுக்குப் போவேன்" என்று மிரட்டினால் பணம் பறித்ததாக அவர் திருப்பிப் போடுவார். சமரசம் பணத்தைத்தான் தரும், பாதுகாப்பைத் தராது. போக்குவரத்துக் கழக வேலைக்குப் பணம் வாங்கியதாகத் தொடரப்பட்ட வழக்கைச் சமரசத்தின் பேரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது; 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்ப உயிர்ப்பித்தது.

ஆடியோ யாருக்கும் போக வேண்டாம். அழிக்கவும் வேண்டாம், சாட்சியத்தை அழித்தால் அது வேறு கேஸ்.

இடையில் ஒரு வேலை செய்யுங்கள்: உங்கள் பெயரில் விண்ணப்ப எண் இருக்கிறதா என்று ஆன்லைனில் பாருங்கள். பல நேரம் ஃபைலே உள்ளே போயிருக்காது. இல்லையென்றால் நீங்களே நேரடியாக விண்ணப்பியுங்கள்.

அந்த 5 லட்சத்தைக் கொடுக்காதீர்கள். கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குத் தெரிவித்து, அவர்கள் சொல்படி கொடுத்தால், அந்த 5 லட்சத்துக்கு உங்கள் மேல் குற்றம் வராது. ஆனால் அங்கே முதலில் கேட்பது "முன்னாடி எவ்வளவு கொடுத்தீங்க?" என்றுதான். அதனால் தனியாகப் போகாமல் குற்றவியல் வழக்கறிஞரோடு போங்கள். சிறப்பு நீதிமன்றத்தில் மன்னிப்புப் பெற்று அப்ரூவராகும் (குற்றத்தில் பங்குள்ளவரே அரசுத் தரப்புச் சாட்சியாகும்) வழி இருக்கிறதா என்று அவரிடம் முன்னதாகவே பேசிவையுங்கள்.